மழைப் படத்தில் எடுத்த நேரத்தைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் இருபது வருசமாக கூழ் வற்றல், வடகம், மோர் மிளகாய் போட்டு விற்கிறேன். பங்குனி, சித்திரை, வைகாசி வெயில்தான் எனக்கு வருசத்துச் சம்பாத்தியம். முன்பெல்லாம் மேற்கே பிள்ளையார்பட்டிப் பக்கம் வானம் கருத்தால் துணியைச் சுருட்டுவோம். இப்போது போனில் மழை மேகம் காட்டும் ரேடார் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாடியில் துணி விரிக்கிறோம்.

போன சித்திரையில் தேவகோட்டையில் ஒரு சாந்தி விழாவுக்குக் கூழ் வற்றல் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு கிலோ அரிசி மாவு. விடிகாலை நாலு மணிக்குக் கூழ் காய்ச்சி, ஏழு மணிக்குள் எட்டு வேட்டியில் ஊற்றி முடித்தோம். வழக்கமாகப் பார்க்கும் வலைப்பக்கத்தை மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் ஒரு தடவை பார்த்திருந்தேன், இரண்டே காலுக்கு மறுபடி திறந்தேன். மேலே கடிகாரம் 2.15 என்று ஓடிக்கொண்டிருந்தது. கீழே படத்தில் நம் பக்கம் மழையைக் காட்டும் நிறம் ஒரு பொட்டு இல்லை. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். மூன்று மணி அடித்துச் சிறிது நேரத்தில் "ஆச்சி, தூத்தல்!" என்று மாடியிலிருந்து சத்தம். நான்கு பேரும் ஓடினோம். மூன்று வேட்டியைத்தான் காப்பாற்ற முடிந்தது. மற்றதெல்லாம் கரைந்து, வளவுத் தூம்பு வழியாக வெள்ளைத் தண்ணீராக ஓடியது.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனிடம் அன்று சாயங்காலமே புலம்பினேன். அவன் போனிலேயே வழி சொல்லி, அந்தப் படத்தை மட்டும் தனியாகத் திறக்கச் சொன்னான். படத்தின் ஓரத்தில் 06:20 என்று சின்னதாக இருந்தது. அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நமக்கு 11.50. பக்கத்தை அமைத்தவர்கள் அழகுக்காக அந்த ஓரத்தை வெட்டிவிட்டிருக்கிறார்கள். பிறகு அதே முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஓர் எண்ணும் சேர்த்துத் திறக்கச் சொன்னான். அப்போதைய புதுப் படம் வந்து நின்றது! நான் மதியம் பார்த்தது பதினொன்று ஐம்பதுக்கு எடுத்த படம். மேலே ஓடிய 2.15 என் போனின் கடிகாரம்.

அவன் விளக்கியது இது. ரேடார் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. புதுப் படம் பழையதன் மேல், அதே பெயரிலேயே உட்காருகிறது. ஒரு தடவை வாங்கிய படத்தை, போனில் வலைப்பக்கம் காட்டும் பிரௌசர் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதே பெயரைக் கேட்டால் படத்தை அனுப்பும் கம்ப்யூட்டரான சர்வருக்குப் போகாமல் கையில் இருப்பதை எடுத்து நீட்டிவிடும். என்றும் மாறாத முத்திரைச் சின்னத்துக்கு அது நல்லது. அந்தப் பக்கத்தில் எல்லாப் படத்துக்கும் ஒரே உத்தரவாக "ஒரு நாள் வைத்துக்கொள்" என்று சொல்லியிருக்கிறார்கள். மழைப் படமும் அதில் சிக்கிக்கொண்டது. ஒரு தடவை வாங்கிய படம்தான் அடுத்த ஒரு நாள் முழுவதும். மழை இல்லாத நாளில் இது யாருக்குத் தெரியும்?

படத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்பில் 'நோ-கேச்' என்று சொன்னால் போதுமாம். பெயரைப் பார்த்து "சேமிக்காதே" என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு 'நோ-ஸ்டோர்' என்று வேறு சொல் இருக்கிறது. நோ-கேச் என்றால், வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்டுவிட்டுக் காட்டு என்று பொருள். படம் மாறாவிட்டால் சர்வர் '304' என்று ஒரு சிறு பதிலோடு நிறுத்திக்கொள்ளும், டேட்டா வீணாகாது. கேள்விக்குறியோடு எண் சேர்த்துப் படத்தின் பெயரைப் புதிதாக்குவதும் வழிதான். ஆனால் நொடிக்கு ஓர் எண் மாற்றினால் பத்து நிமிடமும் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப இறக்க வேண்டிவரும். ரேடாரின் நேரத்தையே அந்த எண்ணாக வைக்கலாம் என்றான்.

இன்னும் இரண்டு குறை நானே பார்த்திருக்கிறேன். சில சமயம் படத்தின் மேல்பாதிதான் வரும், கீழே சாம்பல் நிறம். சர்வரில் படம் எழுதி முடியும் முன்பே நமக்குக் கொடுத்துவிடுவதால் வருவதாம். வேறு பெயரில் முழுக்க எழுதிவிட்டுப் பிறகு பெயரை மாற்றினால் தீரும். இன்னொன்று, போன் திரையை அணைத்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பழைய படமே நிற்கும். பார்வையில் இல்லாத பக்கம் தானாகப் புதுப் படம் கேட்கும் நேரக்கணக்கைப் போன் தூங்க வைத்துவிடுகிறது. கண்ணுக்கு வந்த உடனே புதிதாகக் கேட்கும்படி பக்கத்தை எழுத வேண்டும்.

ரேடாரை நான் குறை சொல்லவில்லை. காரைக்கால் ரேடார் இங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் அதன் கதிர் வெகு உயரத்தில் போவதால் தாழ்ந்த மேகத்தின் தூறல் தப்பிப்போகலாம். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். படம் வந்திருந்தும் எனக்குக் காட்டாததைத்தான் ஏற்க முடியவில்லை. நெல் காயப்போடுகிறவர், ஆத்தங்குடிக் கல் உலர்த்துகிறவர், செங்கல் அறுக்கிறவர் என்று எத்தனையோ பேர் இப்படி வானத்தைப் போனில் பார்க்கிறார்கள்.

மழைப் படம் காட்டும் வலைப்பக்கம் நடத்துகிறவர்களை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். படம் எடுத்த நேரத்தை நம் நேரத்தில், பெரிய எழுத்தில், படத்தின் மேலேயே போடுங்கள். அரை மணிக்கு மேல் பழையதானால் "புதுப் படம் வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள். அப்போது நான் மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொள்வேன்.

அந்தப் பக்கத்துக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. நேற்றுப் பார்த்தபோதும் மேலே கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
வற்றல் போடும் ஒரு வாசகி,
காரைக்குடி.