கோடிங் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மென்பொருள் நிறுவனங்களில் நன்றாக நிரல் (கோடிங்) எழுதுபவரைத்தான் குழுத் தலைவர் ஆக்குகிறார்கள். சரி, குழுவை நடத்தும் வேலையை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் வருடம், குழுவில் யாராவது தடுமாறினால் அவர் வேலையை வாங்கி இரவோடு இரவாக நானே முடித்துவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். வேலையை விட்டுப் போன ஓர் இளம் பொறியாளர், "நீங்கள் என்னை எதையும் கற்றுக்கொள்ளவே விடவில்லை" என்றார். இன்றும் அது உறுத்துகிறது.

கூகுள் 2008-ல் தொடங்கிய 'ப்ராஜெக்ட் ஆக்சிஜன்' ஆய்வு, நல்ல மேலாளரின் 8 பண்புகளை வரிசைப்படுத்தியது. நல்ல பயிற்சியாளராக இருப்பதற்கு முதலிடம்; தொழில்நுட்பத் திறமைக்குக் கடைசி இடம். (அதுவும் பட்டியலில் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.)

அதைப் படித்தேன். அப்புறம்தான் வாரம் அரை மணி நேரம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச ஆரம்பித்தேன். பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்பதுதான். நிரலைச் சரிபார்க்கும்போது "இது தப்பு" என்று எழுதாமல், "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கிறேன். பல முறை அவர்கள் சொன்ன காரணமே சரியாக இருந்தது.

பதவி உயர்வு கொடுப்பதற்கு முன்பே நிறுவனங்கள் குழுவை நடத்தும் பயிற்சியைக் கொடுக்க வேண்டும்.

– ஒரு மென்பொருள் பொறியாளர்