கதண்டா, தனிக்குளவியா? மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சளும் கருப்புமாக ஒரு பூச்சி, பின்னால் புல்தரை. அதை வைத்து இன்னதென்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை பூச்சிமருந்து வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அதை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று சொல். வீட்டைச் சுற்றிப் பறக்கிற பெரிய குளவிகளில் பலவும் தனியாக வாழ்கிறவை. காவல் காக்கக் கூட்டம் இல்லாததால் அவை ஆளைத் துரத்திக் கொட்டுவதில்லை. கையில் பிடித்தாலோ காலில் மிதித்தாலோ கொட்டும், அவ்வளவுதான். கூட்டமாகக் கூடு கட்டும் கதண்டு வேறு விஷயம். அதனிடம் நிஜமாகவே எச்சரிக்கை வேண்டும். ஆகவே பெயரைத் தேடுவதற்கு முன்னால் தனியா, கூட்டமா என்பதைக் கண்டுபிடி.

அளவை நம்பாதே. பறக்கிற பூச்சியின் நீளத்தை எல்லோருமே கூட்டித்தான் சொல்வார்கள். இரைச்சலும் பயமும் சேர்ந்து இரண்டரை சென்டிமீட்டரை ஐந்தாக்கிவிடும். நீளம் என்பது முகத்திலிருந்து வயிற்று நுனி வரை. உணர்கொம்பும் இறக்கையும் கணக்கில் சேராது. பூச்சி உட்கார்ந்த இலையையோ செங்கல்லையோ குறித்து வைத்துக்கொள். அது பறந்து போன பிறகு அதே இடத்தில் ஸ்கேலை வைத்து இன்னொரு படம் எடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீளம் ஓரளவு சரியாகவே கிடைக்கும்.

நிறமும் அப்படித்தான். மஞ்சள், கருப்பு வரியோடு ஈக்களும் இருக்கின்றன. ஈக்கு ஒரே ஜோடி இறக்கை. தலையில் பெரும்பகுதி கண்ணாகவே இருக்கும், உணர்கொம்பு பெரும்பாலும் குட்டை. குளவிக்கு இறக்கை இரண்டு ஜோடி. ஆனால் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் சிறு கொக்கிகளால் கோத்துக்கொண்டு ஒன்றாக அசைவதால் எண்ணுவது கஷ்டம். அதனால் உணர்கொம்பைப் பார். நீளமாகக் கணுக்கணுவாக இருந்தால் குளவி என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இடுப்பு. மார்பையும் வயிற்றையும் இணைக்கும் இடம் நூல் போல நீண்டு மெலிந்திருந்தால் அது பெரும்பாலும் வேட்டைக்குளவி, தனியாக வாழ்வது. இடுப்பு சட்டென்று ஒடுங்கி, வயிறு உடனே பருத்திருந்தால் கதண்டாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இடுப்பே இல்லாமல், உடம்பு உருண்டையாக, வயிறு மயிரில்லாமல் கருப்பாகப் பளபளத்தால் அது மரம் துளைக்கும் கருவண்டுத் தேனீ. உத்தரத்தின் அடியில் விரல்நுனி நுழையுமளவுக்கு அச்சில் வார்த்தது போல வட்டத் துளையும், அதற்கு நேர் கீழே மரத்தூளும் இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்று மிரட்டுவது ஆண். அதற்குக் கொடுக்கு கிடையாது. தேனீயானாலும் குளவியானாலும் கொட்டுவது பெண் மட்டும்தான்.

உட்கார்ந்திருக்கும்போது இறக்கையைக் கவனி. கதண்டும் காகிதக்கூட்டுக் குளவியும் முன்னிறக்கையை நீளவாக்கில் மடித்து வைக்கும். மேலிருந்து பார்த்தால் உடம்பின் இருபுறமும் இரண்டு குறுகிய பட்டைகள் தெரியும். மண்ணைத் தோண்டுகிற குளவியும் மண்கூடு கட்டும் ஒல்லி இடுப்புக் குளவியும் இப்படி மடிப்பதில்லை. அவற்றின் இறக்கை முழு அகலத்தோடு முதுகின் மேல் தட்டையாகக் கிடக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. சிறு பானை போல மண்கூடு செய்கிற பானைக்குளவியும் இறக்கையை மடிக்கும், ஆனால் அது தனிக்குளவி.

கதண்டை உறுதி செய்வது தலை. மேலிருந்து பார்த்தால் கண்களுக்குப் பின்னாலும் தலை அகன்று பருத்துத் தெரியும். உச்சியில் முக்கோணமாக மூன்று சிறு கண்கள் இருக்கும். கதண்டில் அந்த முக்கோணத்துக்கும் பிடரிக்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு. மற்றக் குளவிகளில் அவை பிடரியை நெருங்கி இருக்கும். ஜன்னலோரம் செத்துக் கிடப்பதில் இதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். சாமணத்தால் மட்டும் எடு. செத்துக் கொஞ்ச நேரம் வரைக்கும் கொடுக்கு அனிச்சையாகவே குத்தும். மூடி போட்ட டப்பாவில் ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டுக் கையாள்வது நல்லது.

புல்தரையில் வளை இருப்பதாக எழுதியிருந்தாய். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் அதிகம் பயந்து கொல்வது இந்தப் பூச்சியைத்தான். வட அமெரிக்காவில் சிள்வண்டைப் பிடிக்கும் குளவி ஒன்று உண்டு, ஸ்பீசியஸ் ஸ்பெசியோசஸ் என்று பெயர். நான்கு, ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும். மார்பு துருநிறம், இறக்கை தேன்நிறம், கருப்பு வயிற்றில் மஞ்சள் வரிகள் நடுவில் விட்டுவிட்டு இருக்கும். கோடையின் நடுவில், சிள்வண்டு கத்தத் தொடங்கும்போது வரும். புல் சரியாக வளராத, வெயில் விழுகிற, உதிரி மண்ணாகப் பார்த்துத் தோண்டும். வாசலில் தள்ளிய மண் லாட வடிவத்தில் குவிந்திருக்கும், நடுவில் ஒரு வாய்க்கால் போன்ற தடம். சிள்வண்டைக் கொட்டி அசையவிடாமல் செய்து, தன்னைவிடக் கனமான அதை இழுத்துக்கொண்டு மரத்தில் ஏறி, உயரத்திலிருந்து வளையை நோக்கிச் சறுக்கிப் பறக்கும். உள்ளே ஆண் முட்டைக்கு ஒரு சிள்வண்டு, பெண் முட்டைக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் வைத்து அறையை மூடும். சிள்வண்டு புழுவுக்குத்தான், தாய் குடிப்பது பூந்தேன். ஒரே தரையில் பல வளைகள் இருப்பதால் கூட்டமென்று தோன்றும். அப்படியில்லை, ஒவ்வொரு வளைக்கும் அதன் சொந்தக்காரி வேறு, அவர்கள் சேர்ந்து யாரையும் தாக்குவதில்லை. தாழப் பறந்து வட்டமிட்டு மோத வருகிறவை ஆண்கள். மருந்தடிப்பதைவிட, புல்லை அடர்த்தியாக வளர்த்து அந்த இடத்தை நனைத்து வைத்தால் அடுத்த வருஷம் வேறிடம் தேடிப் போய்விடும்.

புல்தரைக்கு ஒரு சாண் உயரத்தில் எட்டு போட்டபடி மயிரடர்ந்த கருங்குளவிகள் பல சுற்றினால் அவை ஸ்கோலியாக் குளவிகள். மண்ணுக்குள் புல்வேரைத் தின்னும் வண்டுப்புழுவைத் தேடி இறங்கி அதன் மேல் முட்டை வைக்கும். அவை நிறைய வந்தால் உன் புல்லுக்கு அடியில் புழு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

சுவரிலும் இறவாணத்திலும் மண்ணைக் குழாய் குழாயாகவோ கட்டியாகவோ அப்பியிருந்தால் வேட்டுவன் குளவி. காலியான பழைய கூடு ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே வரிசையாக அறைகள் தெரியும். புதுக் கூடென்றால் அறைக்குள் சிலந்திகள் நெருக்கமாகத் திணித்திருக்கும். தொட்டால் மெத்தென்றிருக்கும், ஏனென்றால் அவை சாகவில்லை, கொட்டுப்பட்டு அசையாமல் கிடக்கின்றன. வெளிப்புறத்தில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் குளவி வளர்ந்து வெளியேறிவிட்டது, சுரண்டி எடுத்துவிடலாம். வால்பகுதியில் நீண்ட நூல்களோடு ஒரு குளவி மரத்தண்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அதை விட்டுவிடு. அந்த நூல் கொடுக்கு இல்லை, மரத்துக்குள் இருக்கும் புழுவின் மேல் முட்டையிட மரத்தைத் துளைக்கும் கருவி.

இனி கதண்டு. தெற்காசியாவில் அதிகம் காண்பது இரண்டு: வெஸ்பா டிராபிகா, வெஸ்பா அஃபினிஸ். இரண்டுக்கும் வயிற்றின் முன்பக்கம் பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டை, பின்பக்கம் கருப்பு. படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க நான் துணிய மாட்டேன். கூடும் நடத்தையும் உதவும்: அஃபினிஸ் மரத்திலோ புதரிலோ பெரிய காகிதக் கூடு தொங்கவிடும், டிராபிகா பெரும்பாலும் மண்ணிலோ பொந்திலோ இருந்துகொண்டு காகிதக்கூட்டுக் குளவிகளின் புழுக்களைக் கொள்ளையடிக்கும். ஐரோப்பாவின் வெஸ்பா கிராப்ரோவுக்குச் செம்பழுப்புத் தலையும் மார்பும், மஞ்சள் வயிற்றில் கரும்புள்ளிகளும். இரவில் விளக்குக்கு வரும். வெஸ்பா வெலுடினா கருத்த உடம்பு, ஒரே ஒரு பட்டையான ஆரஞ்சு வளையம், மஞ்சள் பாதம். 2004-இல் பிரான்ஸில் கண்டுபிடித்த பிறகு ஐரோப்பாவில் பரவிவிட்டது. தேன்பெட்டி வாசலில் அந்தரத்தில் நின்று தேனீயைப் பிடிக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது ஆசியாவின் வெஸ்பா மாண்டரினியா. ஆரஞ்சு நிறப் பெருந்தலை, வேலைக்காரியே மூன்றரை, நான்கு சென்டிமீட்டர், ராணி ஐந்தை நெருங்கும். 2019-இல் அது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் தென்பட்ட பிறகு, ஆட்கள் உள்ளூர்க் குளவிகளை அதுவென்று நினைத்து அடித்துக் கொன்றார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்கா அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. உன் பகுதியில் எந்தக் கதண்டு இருக்கிறது என்ற பட்டியலை வேளாண் துறையிடம் கேட்டு வாங்கு. பட்டியலில் இல்லாத ஒன்றைப் பார்த்தால் படத்தோடு அவர்களிடமே தெரிவி.

பூச்சியைவிடக் கூடு தெளிவாகப் பேசும். காம்பில் தொங்கும் திறந்த அறைகள், மேலே உறையில்லை, பறக்கும்போது நீண்ட கால்கள் தொங்குகின்றன என்றால் காகிதக்கூட்டுக் குளவி. சாம்பலும் பழுப்புமாக அலையலையான உறை போர்த்து, ஒரே வாசல் வைத்திருந்தால் உறைக்கூடு. கதண்டோ அதன் உறவோ உள்ளே இருக்கும். கூடு கண்ணில் படாவிட்டால், காலை வெயிலில் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து கால் மணி நேரம் பார். ஒரே வாசலில் நிமிஷத்துக்குப் பல பூச்சிகள் போய் வந்துகொண்டிருந்தால் கூட்டம். ஒன்று மட்டும் எப்போதாவது வந்து இறங்கினால் தனிக்குளவி.

உறைக்கூடு நடமாடும் பாதையில் இருந்தால் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடு. தண்ணீர் பீய்ச்சுவது, நெருப்பு வைப்பது, மண் வளையில் பெட்ரோல் ஊற்றுவது எதுவும் வேண்டாம். பாதிதான் சாகும், மீதி வெளியே வரும். புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வே அவற்றைக் கிளப்பப் போதும், அதனால் அந்தப் பக்கம் வெட்டாதே. குளிர்நாடுகளில் பனிக்காலத்தோடு கூட்டம் அழிந்து புது ராணிகள் மட்டும் பிழைக்கும். ஒதுக்குப்புறத்துக் கூட்டை அதுவரை விட்டுவிடலாம். வெப்பநாடுகளில் அப்படிக் காத்திருப்பதில் பலனில்லை.

துரத்தினால் கையை வீசாதே. நசுங்கிய கதண்டிலிருந்து வரும் வாசனை மற்றவற்றையும் அழைக்கும். முகத்தை மூடிக்கொண்டு நேராக வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்து. தேனீ போலக் கொடுக்கை விட்டுப் போகாது, ஒரே கதண்டு பலமுறை கொட்டும். கொட்டிய இடத்தைக் கழுவிக் குளிர்ந்த ஒத்தடம் கொடு. மூச்சு இரைத்தாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, தலை சுற்றி வாந்தி வந்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடு; அட்ரினலின் ஊசிதான் மருந்து, அலர்ஜி மாத்திரையை நம்பித் தாமதிக்காதே. கதண்டு பத்துக்கு மேல் கொட்டியிருந்தால், அலர்ஜி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை என்றால் அதற்கும் குறைவாக இருந்தாலே போ. விஷம் தசையையும் ரத்த அணுவையும் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கருத்து வந்தால் அது அவசர நிலை.

அடுத்த படங்களில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று வேண்டும். வளை வாசலை ஸ்கேலோடு தனியாக எடு. செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால் கால் தொங்குகிறதா என்பதும் தெரியும். பாப்பாவை அந்தப் புல்தரையில் வெறுங்காலோடு மட்டும் விடாதே, மற்றபடி விளையாடட்டும்.

அன்புடன்,
அம்மா