'கூடாது' என்பதிலும் வகைகள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வாரந்தோறும் வெளிவரும் ஆங்கில இலக்கணக் கேள்வி-பதில் பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வாசகர்களின் கேள்விகள் பெரும்பாலும் நல்ல கேள்விகள். பதில்கள்தாம் 'சரி', 'தவறு' என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. அண்மையில் ஒருவர், ஆங்கில வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் ('அட்', 'அபௌட்' போன்ற முன்னிடைச் சொல்லில்) முடிக்கலாமா என்று கேட்டதற்குக் 'கூடாது' என்று பதில் வந்திருந்தது. 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதலாமா என்று கேட்ட மற்றொருவருக்கும் அதே 'கூடாது'தான். பின்னது ஆங்கிலத்தின் அமைப்பிலிருந்து பிறக்கும் விதி. முன்னது சிலருடைய விருப்பம் காலப்போக்கில் விதியாகிவிட்ட கதை. இந்த வேறுபாட்டைச் சொல்லாத பதில், கேட்டவருக்கு மனப்பாடம் செய்ய இன்னொரு வரியைத் தருகிறதே ஒழிய மொழியைத் தருவதில்லை.

'டிஸ்கஸ்' என்பது செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும் வினை. 'வி டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்' என்றாலே பொருள் நிறைந்துவிடுகிறது. இடையில் 'அபௌட்' நுழைய வழியில்லை. ஆனால் அதே சொல் 'டிஸ்கஷன்' என்று பெயராகும்போது 'எ டிஸ்கஷன் அபௌட் தி ப்ராப்ளம்' என்பது முற்றிலும் சரி. 'டாக் அபௌட்', 'ஸ்பீக் அபௌட்' ஆகியவையும் சரியே. இவற்றைப் பார்த்த பழக்கமும், 'பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் சொல்லும் பழக்கமும் சேர்ந்துதான் அந்தத் தவறை உண்டாக்குகின்றன. இவ்வளவையும் மூன்று வரியில் எழுதிவிடலாம். எழுதியிருந்தால், 'மென்ஷன்', 'டிஸ்க்ரைப்' போன்ற வினைகளைப் பற்றி அடுத்த வாரம் தனித்தனியாகக் கேள்வி வர வேண்டியதில்லை.

பிரிபொசிஷன் விவகாரத்துக்கு வருகிறேன். 1672-இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியரான பென் ஜான்சனின் வாக்கியங்கள் பிரிபொசிஷனில் முடிவதைக் குறையாகச் சொன்னார். பின்னாளில் தம் பழைய உரைநடையிலும் அத்தகைய இடங்களைத் திருத்திக்கொண்டார். 1762-இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத், அவ்வழக்கம் பேச்சிலும் இயல்பான எழுத்திலும் பரவலாக இருப்பதை ஒப்புக்கொண்டு, உயர்ந்த நடைக்கு மற்ற அமைப்பே பொருந்தும் என்ற அளவில்தான் நிறுத்தினார். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலம் இந்த வழக்கத்தின் பக்கம் மிகவும் சாய்வது என்று அவர் எழுதிய வாக்கியப் பகுதியே ஒரு பிரிபொசிஷனில்தான் முடிகிறது. பின்வந்த பள்ளிப் புத்தகங்கள் அவருடைய நிதானத்தை விட்டுவிட்டுத் தடையை மட்டும் எடுத்துக்கொண்டன. ஆங்கில வழக்காறுகளுக்கு 1926-இல் கையேடு எழுதிய ஃபௌலர் இதை மூடநம்பிக்கை என்றே குறிப்பிட்டார். 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்பதை வேறெப்படிக் கேட்பது? 'அட் வாட் ஆர் யூ லுக்கிங்?' என்று யாரும் கேட்பதில்லை. எனவே, 'தாராளமாக முடிக்கலாம். மிகச் சம்பிரதாயமான எழுத்தில் சிலர் தவிர்ப்பதுண்டு' என்பதே அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலாக இருந்திருக்கும். 'அண்ட்', 'பட்' ஆகியவற்றில் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்பதும் இதே வகைதான். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எந்தச் சொல்லுக்கு முன் 'எ', எதற்கு முன் 'ஆன்' என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஏ, இ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்து எழுத்துகளில் தொடங்கினால் 'ஆன்' என்று ஒவ்வொரு முறையும் பதில் தரப்படுகிறது. இது பாதி உண்மை. கணக்கு எழுத்துக்கன்று, ஒலிக்கு. தமிழ் வாசகருக்கு இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: அந்த ஆங்கிலச் சொல்லைக் காதில் விழுகிறபடியே தமிழில் எழுதிப் பார்த்து, அது உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', உயிர்மெய்யில் தொடங்கினால் 'எ' என்று கொள்ளலாம். மணியைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் முதலில் 'எச்' நின்றாலும் ஒலியில் அது இல்லை. ஆகவே 'ஆன் அவர்'. 'யூனிவர்சிட்டி', 'யூரோப்பியன்', 'யூஎஸ்பி' ஆகியவை யகரத்தில் தொடங்குவதால் 'எ'. 'எம்பிஏ', 'எக்ஸ்ரே' ஆகியவற்றுக்கு 'ஆன்'. 'ஒன்' என்று நாம் எழுதும் எண்ணுப்பெயர் மட்டும் ஏமாற்றும். ஆங்கிலத்தில் அதன் ஒலி 'வன்' என்பதால் அதற்கும் 'எ'தான் வரும்.

இனி, இரண்டு விடைகளும் சரியாக இருக்கும் கேள்விகள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்பதைப் பிரிட்டிஷ் வழக்கு 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்' என்று சொல்லும். அமெரிக்க வழக்கில் 'ஐ ஜஸ்ட் ஏட்' என்பதும் இயல்பு. 'யெஸ்டர்டே' போல முடிந்த காலத்தைச் சுட்டும் சொல் வந்துவிட்டால் மட்டும் இரு நாட்டிலும் 'ஹேவ் ஈட்டன்' ஏற்கப்படாது. 'கெட்' என்ற வினையின் 'காட்டன்' என்ற வடிவம் அமெரிக்கர்கள் கெடுத்த ஆங்கிலம் என்று ஒரு பதிலில் படித்தேன். உண்மையில் அது இங்கிலாந்திலிருந்து சென்ற பழைய வடிவம். அமெரிக்கா காத்துக்கொண்டது, பிரிட்டனில் பெரும்பாலோர் விட்டுவிட்டனர்.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை, 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்ற சொல்லால் சுட்டலாமா என்ற கேள்விக்கு, 'இது இக்காலப் பிழை' என்று எழுதியிருந்தது எனக்கு வருத்தமளித்தது. இந்த வழக்கம் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டு முதலே இருக்கிறது. பன்மைக்கு உரியதாக இருந்த 'யூ' ஒருமையையும் எடுத்துக்கொண்டதையும், அதனால் ஒருவரிடம் பேசும்போதும் 'யூ ஆர்' என்றே சொல்வதையும் யாரும் பிழை என்பதில்லை. பலர்பாலுக்குரிய 'அவர்' என்பதை ஒருவருக்கு வழங்கி 'அவர் வந்தார்' என்று நாள்தோறும் சொல்லும் நமக்கு இது விளங்காத செய்தியும் அன்று.

காற்புள்ளி பற்றிய கேள்விகளைச் சில்லறைக் கேள்விகளாகத் தள்ளிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று பொருள்களை அடுக்கும்போது கடைசிப் பொருளுக்கு முன்வரும் 'அண்ட்' அல்லது 'ஆர்' என்பதற்கு முன் காற்புள்ளி வேண்டுமா என்பது நடையைப் பொறுத்தது. ஆனால் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அது நீதிமன்ற வழக்காகவே வந்தது. கூடுதல் நேர ஊதியம் பெறாத வேலைகளைப் பட்டியலிட்ட சட்டத்தில், 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று காற்புள்ளியின்றி இருந்தது. விநியோகம் தனி வேலையா, அன்றி, விநியோகத்துக்காகக் கட்டுவதைத்தான் அது குறிக்கிறதா? பொருளைக் கட்டாமல் கொண்டுசெல்ல மட்டும் செய்த பால் நிறுவன ஓட்டுநர்கள் பின்னதே பொருள் என்று வாதிட்டார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் சொற்கள் தெளிவாக இல்லை என்று கூறி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வாசகர்கள் முழு வாக்கியத்தை எழுதி அனுப்பினாலும், இடம் கருதியோ என்னவோ, கேள்வியில் ஐயத்துக்குரிய இரண்டு சொற்களே அச்சாகின்றன. 'இன் தி ஹாஸ்பிட்டலா, அட் தி ஹாஸ்பிட்டலா' என்ற கேள்விக்கு, அவர் அங்கே நோயாளியாகப் படுத்திருக்கிறாரா, யாரையோ பார்க்கப் போயிருக்கிறாரா என்பது தெரியாமல் பதில் சொல்ல முடியாது. கேள்விகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை. அவர்கள் எழுதிய வாக்கியத்தை முழுமையாக வெளியிட்டுப் பதிலளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்