எங்கள் அம்மாக்களின் குதிகாலையும் பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறீர்கள். எங்கள் தெருப் பாட்டிகள் தங்கள் சுகர் அளவை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். எலும்பைப் பற்றி மட்டும், விழுந்து இடுப்பு முறியும்வரை யாரும் கேட்பதில்லை. எலும்பு மெலியும்போது வலிக்காது. பலருக்கு முதல் அறிகுறியே முறிவுதான். குதிகால் அல்ட்ராசவுண்ட் சோதனையை இத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

இது வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் மாதிரி இல்லை. காலைப் பெட்டிக்குள் வைத்து, ஜெல் தடவி, குதிகாலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒலியை அனுப்புவார்கள். எலும்பு மெலிந்திருந்தால் ஒலி மெதுவாகப் போகும், வழியில் குறைவாகவே வலுவிழக்கும். சில நிமிட வேலை, கதிர்வீச்சு கிடையாது, பெட்டியை ஆட்டோவில் கொண்டுபோகலாம். குதிகால் பெரும்பாலும் பஞ்சுபோன்ற எலும்பு. மாதவிடாய் நின்றபின் அந்த வகை எலும்புதான் சீக்கிரம் கரைகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து, யாருக்கு முறிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதை அதில் கணிக்க முடிகிறது என்று 2004-இல் காட்டினார்கள்.

ஆனால் கல்யாண மண்டபத்து இலவச முகாம்களில் நடப்பது வேறு. சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட சீட்டைக் கையில் கொடுப்பார்கள். பக்கத்து மேசையில் கால்சியம் டப்பா விற்பனை. சிவப்பு வந்த அம்மா பயந்துபோய் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போவார், அதோடு சரி. ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டு, எலும்பு மெலிவு நோய் என்று சொல்ல வைத்திருக்கும் எல்லை மைனஸ் 2.5. அதை 1994-இல் உலக சுகாதார நிறுவனம், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா (DXA) போன்ற எக்ஸ்ரே அளவீடுகளுக்காக வகுத்தது. குதிகால் எண்ணுக்கு அதை அப்படியே போடக்கூடாது. மெஷினுக்கு மெஷின் எண் மாறும். பாதம் வீங்கியிருந்தாலும் சில்லென்று இருந்தாலும் மாறும்.

அதனால் இதை ஒரு சல்லடையாக மட்டும் வையுங்கள். குறைவாக வந்தவரை டெக்சாவுக்கு அனுப்பி, தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுக்க வேண்டும். அதற்கு வழி செய்யாமல் பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். முகாமுக்கும் உங்களுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

சிலருக்குச் சல்லடையே தேவையில்லை. வாசற்படியில் தடுக்கி மணிக்கட்டு முறிந்த 60 வயது அம்மாவுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறோம். அந்த முறிவே போதுமான எச்சரிக்கை. மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், சின்ன வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்கள் எல்லோரையும் நேரடியாக டெக்சாவுக்கே அனுப்புங்கள்.

முதலில் ஒரு மாவட்டத்தில் செய்து பாருங்கள். டெக்சா வசதியுள்ள அரசு மருத்துவமனைக்கு மக்கள் ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய மாவட்டமாக அது இருக்கட்டும். ஒரு வருடத்தில் எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்பதோடு, எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கியது என்பதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இடுப்பு முறிந்தவர்களை மறுபடி நடக்கவைக்கும் வேலையில் இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்