பத்து ரூபாய் ஜூஸ், நாலு ரூபாய்ப் பங்கு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருக்கிறாய், அதற்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டினால் நன்றாக இருக்காது என்று நானும் பேனாவை எடுத்துவிட்டேன். தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் சந்தோஷம். இங்கே சின்னவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் பரவாயில்லை, வாடகைதான் அதில் பாதியைத் தின்கிறது. நான் இன்னமும் ரெண்டு குளிர்பான ஏஜென்சிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ரிட்டயர்டு ஆன பிறகு வீட்டில் உட்கார்ந்தால் உன்னை மாதிரி டெலிகிராமில் பங்கு டிப்ஸ் பார்க்க ஆரம்பித்துவிடுவேனோ என்று பயம்.

சரி, அந்த ஜூஸ் கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். பங்கு நாலு ரூபாயில் கிடக்கிறது, ஒரு காலத்தில் அறுபது ரூபாய் போனது, ஜிஎஸ்டியும் குறைந்துவிட்டது, பத்தாயிரம் பங்கு வாங்கிப் போட்டாலும் நாற்பதாயிரம்தான், போனால் போகட்டும். இதுதானே உன் கணக்கு?

நீ பெயரைச் சொன்னதும் அவர்களுடைய ஆண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். அறுபது ரூபாய் போன காலத்தில் மொத்தம் ஆறு கோடிப் பங்குகள். நடுவில் பணம் தேவைப்படும்போதெல்லாம் வாரன்ட் (பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை), பிரிஃபரென்ஷியல் (குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் ஒதுக்கீடு) என்று வேண்டியவர்களுக்குப் புதுப் பங்கு ஒதுக்கிக்கொண்டே போய், இன்றைக்கு அறுபது கோடிப் பங்கு நிற்கிறது. அன்றைக்குக் கம்பெனியின் மொத்த மதிப்பு 360 கோடி. இன்றைக்கு நாலு ரூபாயிலேயே 240 கோடி. மறுபடி அறுபது ரூபாய் போக வேண்டுமானால் 3,600 கோடிக் கம்பெனியாக வேண்டும். சார்ட்டில் பழைய உச்சி அப்படியே தெரியும், இந்தக் கணக்கு தெரியாது. அதனால்தான் இந்த மாதிரிப் பங்கெல்லாம் 'மலிவாக' இருக்கிறது.

ஜிஎஸ்டி சமாச்சாரம் உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் பழச்சாறு கலந்த பானத்துக்கு 12 சதவீதம் 5 ஆகிவிட்டது. ஆனால் மாஸாவுக்கும் ஃப்ரூட்டிக்கும் அதே 5 தானே? அந்த ஏழு சதவீதம் உன் கம்பெனியின் பெட்டியில் விழும் என்று யார் சொன்னது? விலையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அளவைக் கூட்ட வேண்டும். இந்த வியாபாரமே பத்து ரூபாய் நோட்டில்தான் ஓடுகிறது. ரிலையன்ஸ் 2022இல் கேம்பா கோலா பிராண்டைச் சுமார் 22 கோடிக்கு வாங்கி, அடுத்த வருஷம் 200 மில்லி பத்து ரூபாய் என்று இறக்கிய பிறகு, பெரிய கம்பெனிகளே விலைப் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. சின்ன பிராண்டுகள் என்ன செய்யும்?

வருண் பெவரேஜஸ் மாதிரி இதுவும் வரும் என்று எழுதியிருக்கிறாய். அது பெப்சியைப் பாட்டிலில் அடைத்து விற்கிற கம்பெனி, பிராண்டை உண்டாக்க அது தவிக்க வேண்டியதில்லை. (அது பங்குச் சந்தையில் பட்டியலான நாள் 2016 நவம்பர் 8. அன்று ராத்திரிதான் ஐநூறு, ஆயிரம் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. என்ன முகூர்த்தம் பார்!) நம் ஊர்ச் சரக்கில் நம்பிக்கை வைத்து வாங்கலாம் என்றால், 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்றபோது கடை கடையாகத் தேடிக் குடித்தோமே பொவன்டோ, அந்தக் காளிமார்க் பட்டியலிலேயே இல்லை. 1916இல் விருதுநகரில் தொடங்கிய குடும்பம், பங்கு விற்கவில்லை.

உனக்காகப் போன வாரம் தாம்பரம் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் நின்று பார்த்தேன். உன் கம்பெனி ஜூஸ் இருந்தது, ஆனால் ஃபிரிட்ஜுக்குள் இல்லை. அந்த ஃபிரிட்ஜ் வேறு கம்பெனி கொடுத்தது, அதில் மற்றவன் சரக்கு வைத்தால் சண்டைக்கு வருவார்கள். மேல் தட்டில், பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் தூசியோடு ஏழெட்டு பாட்டில். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். ஆறு மாதச் சரக்கு, ஐந்து மாதம் முடிந்திருந்தது. "ரெண்டு கேஸ் எடுத்தா ஒண்ணு ஃப்ரீன்னு மார்ச் கடைசியில போட்டுட்டுப் போனாங்க சார், அப்புறம் சேல்ஸ்மேன் இந்தப் பக்கமே வரலை" என்றார் கடைக்காரர்.

மார்ச் கடைசி என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது. கணக்கு முடிக்கிற மாதத்தில் ஏஜென்சி தலையில் சரக்கை ஏற்றி, பில் போட்டு விற்பனை காட்டுவது இந்தத் தொழிலில் பழைய வேலை. பணம் வராது, ஜூன், ஜூலையில் சரக்கு எக்ஸ்பயரி ரிட்டர்னாகத் திரும்பி வரும். இவர்களும் அதைத்தான் செய்தார்கள் என்று ஒரு கடையை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் ஆண்டறிக்கையில் விற்பனை 90 கோடி, வர வேண்டிய பாக்கி 70 கோடி. அதாவது ஒன்பது மாத விற்பனைக்கு மேல் வசூலாகவில்லை. பத்து ரூபாய் ஜூஸை எந்த ஊரில் ஒன்பது மாதக் கடனுக்குக் குடிக்கிறார்கள்?

மன்பசந்த் பெவரேஜஸ் ஞாபகம் இருக்கிறதா? வடோதராக் கம்பெனி, மேங்கோ சிப் என்ற மாம்பழ ஜூஸ் விற்றார்கள். 2015 ஜூனில் பங்கு 320 ரூபாய் என்று ஐபிஓ (முதல் பங்கு வெளியீடு) போட்டு 400 கோடி திரட்டினார்கள். பெரிய பெரிய ஃபண்டுகள் வாங்கி வைத்திருந்தன. 2018 மே கடைசியில், ஆண்டு முடிவு வெளியாகச் சில நாள் இருக்கும்போது, ஆடிட்டர் டெலாய்ட் விலகிக்கொண்டது. கேட்ட முக்கியத் தகவல்கள் வரவில்லை என்பது காரணம். சந்தை திறந்த அடுத்த நாளே 20 சதவீதம் சரிவு. ஒரு வருஷம் கழித்து, 2019 மே மாதம், போலி யூனிட்டுகளை வைத்து விற்பனை காட்டி 40 கோடி வரி ஏய்ப்பு என்ற குற்றச்சாட்டில் மத்திய ஜிஎஸ்டி அதிகாரிகள் நிர்வாக இயக்குநர் உட்படச் சிலரைக் கைது செய்தார்கள்.

அப்போது என் பக்கத்துச் சீட்டு ஆள் ஒருவர் அந்தப் பங்கை வைத்திருந்தார். தினமும் காலை ஒன்பதேகாலுக்கு விற்க ஆர்டர் போடுவார். திரையில் விற்பவர்கள் பக்கம் லட்சக்கணக்கில் நிற்கும், வாங்குபவர்கள் பக்கம் பூஜ்யம். லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் இதற்கு மேல் விழக்கூடாது என்ற எல்லையைத் தொட்டுவிட்டது. மறுநாளும் அதே. ஐந்து சதவீத சர்க்யூட்டில் தொடர்ந்து இருபது நாள் விழுந்தால் நூறு ரூபாய் 36 ஆகிவிடும், நடுவில் ஒரு பங்குகூட விற்றிருக்க முடியாது. ஸ்டாப் லாஸ் (இந்த விலைக்கு விழுந்தால் விற்றுவிடு என்ற ஆர்டர்) போட்டுக்கொள்வேன் என்கிறாயே, யாரிடம் விற்பாய்? போதாததற்கு எக்ஸ்சேஞ்ச் இதை ஜிஎஸ்எம் என்ற, சந்தேகப் பங்குகளுக்கான கண்காணிப்பில் மேல் கட்டத்துக்குத் தள்ளினால் வாரத்துக்கு ஒரே நாள்தான் வியாபாரம்.

டெலிகிராமில் 'டார்கெட் 18' என்று அனுப்பியவனுக்கு இது தெரியாமல் இருக்காது. சாதனா பிராட்காஸ்ட் பங்கை யூடியூப் வீடியோ போட்டு ஏற்றி, ஏறிய விலையில் தங்கள் கைச்சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று 2023 மார்ச்சில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி உத்தரவு போட்டதே. அவனுக்குத் தேவை நீ வாங்குவது மட்டும்.

சில்லறை விலைக்குப் போன பானக் கம்பெனி எதுவுமே எழுந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் செல்சியஸ் என்று ஒரு எனர்ஜி டிரிங்க் கம்பெனி. 2011இல் நாஸ்டாக்கிலிருந்து வெளியே போய் சென்ட் கணக்கில் கிடந்தது, 2017இல் திரும்ப உள்ளே வந்தது, 2022இல் பெப்சிகோ 55 கோடி டாலர் போட்டது. ஆனால் அங்கே சரக்கு முதலில் விற்றது. ஜிம்மில் குடித்துப் பழகியவர்கள் கடையிலும் கேட்டு வாங்கினார்கள், விலை அதற்குப் பிறகுதான் ஏறியது. உன் கம்பெனியில் பாட்டில் தட்டில் தூங்குகிறது, பங்கு மட்டும் போன மாதம் நாலு நாள் அப்பர் சர்க்யூட், அதாவது ஏறக்கூடிய எல்லை வரை ஏறியிருக்கிறது.

நான் வாங்க மாட்டேன். உனக்குக் கை அரித்தால் ஐயாயிரத்துக்கு வாங்கு, விழுந்தால் ஆவரேஜ் பண்ணுகிறேன் என்று மேலும் வாங்கக் கிளம்பாதே. பிஎஃப் பணத்தைத் தொடாதே. அது தபால் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வருகிறதல்லவா? புரோமோட்டர், அதாவது கம்பெனி முதலாளி, தன் பங்கில் எவ்வளவு அடமானம் வைத்திருக்கிறார் என்பதையும் ஒரு தரம் பார், எக்ஸ்சேஞ்ச் தளத்திலேயே கிடைக்கும்.

மாசிக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு மதுரை வருகிறேன், ரெண்டு நாள் இருப்பேன். தங்கச்சிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் யார் என்று எழுது. என் முட்டியும் மாடிப்படி ஏறினால் சத்தம் போடுகிறது.

உன் பழைய ரூம்மேட்