துப்பாக்கி உறை தைப்பவர் துப்பாக்கி வியாபாரி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் சின்னதாக ஒரு தோல் பட்டறை நடத்துகிறேன். கைத்துப்பாக்கி வைக்கும் உறை, அதை மாட்டும் இடுப்பு பெல்ட், பன்னிரண்டு போர் (12 bore) என்ற நீளத் துப்பாக்கிக்குத் தோள் வார், தோட்டா பெல்ட் இவைதான் செய்கிறேன். கையால் வெட்டி, கையால் தைப்பது. எங்கள் பக்கம் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் இந்தத் தொழிலை ஆரம்பிக்கலாமா என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள், தைக்கச் சொல்லிக் கொடுப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை, ஆனால் அவர்கள் கடனுக்குப் போகும் இடத்திலும் வாடகைக்கு இடம் கேட்கும் இடத்திலும் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடன் கேட்டுப் போன வங்கியில் விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி முதலில் கேட்டது "ஆயுத லைசென்ஸ் இருக்கா?" என்றுதான். இது தோல் வேலை சார், பை தைக்கிற மாதிரி, என்று எவ்வளவு சொல்லியும் அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் விலாசத்தைப் பார்த்தார், காவல் நிலையத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வரச் சொன்னார். காவல் நிலையத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள், "உறைக்கு எதுக்குப்பா லைசென்ஸ்" என்றும் சொன்னார்கள், ஆனால் அதை எழுதிக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. வாடகைக்குக் கேட்ட ஒரு கடையின் சொந்தக்காரர் தொழில் பெயரைக் கேட்டதும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூரியரில் அனுப்பும்போது பொருளின் பெயரை உள்ளபடி எழுதினால் பார்சலை வாங்க மாட்டேன் என்கிறார்கள். இப்படி ஒவ்வொரு கதவாக. மயிலாப்பூர் விலாசத்திலிருந்து ஒருவர் இதே விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தால் இத்தனை கேள்வி வந்திருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை என்று எழுதி அதற்குப் பக்கத்தில் துப்பாக்கி என்ற சொல்லும் இருந்தால் போதும், படிப்பவர் மனதில் ஒரு சினிமா ஓட ஆரம்பித்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கும் அதன் பாகங்களுக்கும் தோட்டாவுக்கும் உரிமம் கேட்கிறது. தோல் உறை துப்பாக்கியின் பாகம் இல்லை, அது இல்லாமலே துப்பாக்கி வேலை செய்யும். வரித் துறையைப் பாருங்கள், சரக்குகளைப் பிரித்து எண் கொடுக்கும் பட்டியலில் துப்பாக்கி உறை 4202 என்ற தலைப்பின் கீழ் வருகிறது, அதே தலைப்பில்தான் சூட்கேஸ், பர்ஸ், மூக்குக்கண்ணாடிக் கூடு, கேமரா பை எல்லாம் இருக்கின்றன. அதற்கும் மேலே, 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்பவர் அதற்கென்றே செய்த உறையிலோ பையிலோ முழுவதும் மூடித்தான் கொண்டு போக வேண்டும் என்கின்றன. உறை இருக்க வேண்டும் என்று அரசே விதி போட்டிருக்கும்போது அதைத் தைப்பவனைச் சந்தேகமாகப் பார்ப்பது என்ன நியாயம்?

உறை என்றால் ஏதோ அலங்காரம் என்று நினைப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நல்ல உறையின் முதல் வேலை துப்பாக்கியின் விசையை, அதாவது டிரிக்கரை, யாரும், எதுவும் தொடாமல் பார்த்துக் கொள்வது. விசையைச் சுற்றியுள்ள வளையம் முழுக்கத் தோலுக்குள் போக வேண்டும். இரண்டாவது, உறையின் வாய் எப்போதும் விறைப்பாகத் திறந்தே நிற்க வேண்டும். பழைய, தொய்ந்துபோன உறையில் என்ன ஆகிறது என்றால், வாய் உள்ளே மடிந்து கொள்கிறது, துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு விசை வளையத்துக்குள் போய் விசையை அழுத்திவிடுகிறது, குண்டு நேராகத் தொடையிலோ காலிலோ இறங்குகிறது. வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் காவலுக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவத்தினர், அறுபதை நெருங்கிய பெரியவர்கள், அவர்களில் பலருக்கு வார் இற்றுப்போய், பக்கிள் துருவேறி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. வார் அறுந்து துப்பாக்கி தரையில் விழுந்தால் அவருக்கு மட்டுமா ஆபத்து, பக்கத்தில் பணம் எடுக்க நிற்கும் பெண்ணுக்கும்தான்.

இதற்குத் தோலைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிகிறது. குரோம் என்ற ரசாயன உப்பைப் போட்டுப் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், கைப்பைக்கு நன்றாக இருக்கும், உறைக்கு ஆகாது, நனைத்து அச்சில் அழுத்தினாலும் காய்ந்த பிறகு வடிவம் நிற்காது. அதிலுள்ள உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கவும் கூடும். மரப்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல்தான் வேண்டும், மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில். வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, துப்பாக்கி வடிவ மரக்கட்டையின் மேல் போர்த்தி, மழமழப்பான கட்டையால் ஒவ்வொரு மூலையாக அழுத்தித் தேய்த்து, நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். நவம்பர் மழையில் எங்கள் ஏரியாவில் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். அப்புறம் குத்தூசியால் துளை போட்டு, மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் இழுத்துத் தைப்பது. மிஷின் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிய ஆரம்பிக்கும், இந்தக் கைத்தையலில் ஒரு தையல் போனாலும் அடுத்தது பிடித்துக் கொள்ளும். கையில் காய்ப்பு ஏறும், ஆனால் அந்த உறையைப் பல வருடம் பயமில்லாமல் இடுப்பில் மாட்டலாம்.

ஒன்று சொல்ல வேண்டும், வாங்குபவர்கள் யாரும் கேட்பதில்லை என்றாலும் நான் சொல்லித்தான் அனுப்புவேன்: ராத்திரி துப்பாக்கியை உறையோடு பீரோவில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும், காசிமேட்டுக் கடல் காற்று வேறு, சில நாளில் துரு பூத்துவிடும். துடைத்துத் தனியாக வையுங்கள்.

நமக்கு இதில் இல்லாதது என்ன என்று யோசித்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பட்டை போட்டுப் பதனிடும் தோலுக்கு ஈரோடு, திண்டுக்கல், திருச்சி என்று நம் ஊர்கள்தான் பேர்போனவை, ஈஸ்ட் இந்தியா லெதர் என்று அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் சாலைக்குப் போனால் எந்தக் கனத்தில் கேட்டாலும் தோல் கிடைக்கும், பக்கிள், ரிவெட், பிரஸ் பட்டன் எல்லாம் நடந்து போகிற தூரத்தில். அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து இருக்கிறது. தைக்கத் தெரிந்த கைகள் பெரம்பூரிலிருந்து மாதவரம் வரை தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் நம் ஊர்க் கடைகளில் தொங்கும் உறையைத் திருப்பிப் பார்த்தால் அது கான்பூரிலிருந்து வந்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ராணுவத்துக்குச் சேணமும் வாரும் செய்த ஊர் அது, அவர்கள் வேலையில் நான் குறை சொல்லவில்லை, உண்மையில் அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அங்கே ஒரு தோல்காரர் துப்பாக்கி உறை செய்கிறேன் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தலைமுறையாக அது அங்கே சாதாரண வேலை.

தொழில் ஆரம்பிக்க நினைப்பவர்களுக்குக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலீடு குறைவுதான்: வெட்டும் கத்தி, குத்தூசி, துளைக்கருவி, ஊசி, நூல், ஒரு கனமான மேஜை, தோல். ஒரு உறைக்கு இரண்டு சதுர அடி அளவுக்குத் தோல் போகும். ஆனால் கையால் செய்தால் ஒரு முழு நாள் கூலி அதில் ஏறும், அதனால் ஐநூறு ரூபாய் ரெக்சின் உறையோடு விலையில் போட்டி போட முடியாது, போடவும் கூடாது. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் நம் மாநிலத்தில் குறைவு. அது நல்லதுதான், அந்த எண்ணிக்கை கூட வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட மாட்டேன். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் தனிநபர்கள் பலர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டி வரும், அந்த மாதங்களில் ஆர்டர் கிடையாது. ஆகவே உறையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். வாக்கி டாக்கி உறை, டார்ச் மாட்டும் வளையம், எலக்ட்ரீஷியன் இடுப்பில் கட்டும் கருவிப் பை, இவைதான் என் பட்டறையில் மாத வாடகையைக் கட்டுகின்றன. சினிமாக்காரர்களும் அவ்வப்போது வருவார்கள், அவசரமாகக் கேட்பார்கள், பணம் மெதுவாக வரும்.

அளவு எடுப்பதில்தான் கவனம் வேண்டும். ரிவால்வரின் உருளை புடைத்திருக்கும், பிஸ்டல் தட்டை, ஒன்றுக்குத் தைத்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதற்காக வாடிக்கையாளரின் துப்பாக்கியை ஒருபோதும் பட்டறையில் விட்டுப் போகச் சொல்லாதீர்கள், அவரே விட்டுப் போகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். உரிமம் அவர் பேரில் இருக்கிறது, ஆயுதம் அவர் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். உரிமத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அவர் தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது காகிதத்தில் வரைந்து, வெர்னியர் அளவுகோலில் அளந்து, அந்த அளவுக்குத் தச்சரிடம் மரக்கட்டை செய்து வைத்துக் கொள்ளுங்கள். உரிமம் காட்டத் தயங்குகிறவருக்கு நான் தைப்பதில்லை. இதை எந்தச் சட்டமும் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் நம் விலாசத்தில் இந்தத் தொழில் நிலைக்க வேண்டுமானால் இந்த ஒழுங்கை நாமே வைத்துக் கொள்ள வேண்டும்.

இப்போது அரசிடம் கேட்க வேண்டியது. கைவினைஞர்களுக்கு உதவித் திட்டம் இல்லாமல் இல்லை. கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 25 சதவீத மானியமும், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய், உண்டு, ஆனால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டியல் இனத்து, பழங்குடித் தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் இருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் இவற்றில் எதற்குப் போனாலும் கடைசியில் ஒரு வங்கி மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும், அந்த மேஜையில் "லைசென்ஸ் இருக்கா" என்ற கேள்வி காத்திருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் ஒரே ஒரு பக்கத்தில், துப்பாக்கி உறை, பெல்ட், வார் ஆகியவை தோல் பொருட்கள், இவற்றைத் தயாரிக்க ஆயுத உரிமம் தேவையில்லை என்று சுற்றறிக்கை போட்டு வங்கிகளுக்கு அனுப்பினால் போதும். அரசுக்கு அதில் ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்தது கொள்முதல். மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று ஆணை இருக்கிறது, அதற்குள்ளேயே பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். ஆனால் டெண்டரைத் திறந்தால் இத்தனை வருட அனுபவம், இத்தனை லட்சம் விற்றுமுதல், ஒரே தவணையில் ஆயிரக்கணக்கில் சப்ளை என்று இருக்கிறது. மூன்று பேர் உட்கார்ந்து தைக்கும் பட்டறை அதில் எப்படி நுழையும்? எங்கள் பக்கத்திலேயே துறைமுகம், மணலி ஆலை, வாசலில் இடுப்பில் உறையோடு காவலர்கள். மாநகரக் காவல்துறையாவது ஐம்பது, நூறு என்று சின்னச் சின்ன ஆர்டர்களாகப் பிரித்து, அளவையும் தோலின் கனத்தையும் தமிழில் எழுதி வெளியிட்டு, மாதிரி உறையைச் சோதித்துப் பார்த்து வாங்கட்டும். தரம் இல்லை என்றால் தாராளமாகத் திருப்பி அனுப்பட்டும். நைலான், பிளாஸ்டிக் உறைக்குத்தான் இனி மாறப்போகிறோம் என்றால் அதையும் இப்போதே சொல்லட்டும், அந்தப் பொருளிலும் வேலை கற்றுக்கொள்ள எங்கள் பிள்ளைகள் தயார். தோல் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்று ஒரு மாலை நேர வகுப்பை, அடையாறு வரை வரச் சொல்லாமல், வடசென்னையிலேயே நடத்த முடியுமா என்றும் கேட்டுக் கொள்கிறேன், பகலில் கூலி வேலையை விட்டுவிட்டு அவர்களால் வர முடியாது.

வங்கிகளும் நகைக்கடைகளும் கேட்காமலே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. உங்கள் வாசலில் நிற்கும் காவலாளியின் வாரையும் உறையையும் இந்த வாரம் ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். தையல் பிரிந்திருந்தால், வாய் தொய்ந்திருந்தால், உடனே மாற்றிக் கொடுங்கள். என்னிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, எங்கே வாங்கினாலும் சரி.

இப்படிக்கு,
தோல் தொழிலாளி ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை – 39.