வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத தீவு: அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்று அங்கே வாழும் தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம்.

உங்கள் நாடு ஏகாதிபத்திய நாடா என்று கேட்டால், இங்கே இடதுசாரி மேடைகளில் மைக் பிடிப்பதற்கு முன்பே பதில் தயாராக இருக்கும். உங்களில் பலரிடமிருந்து மறுப்பும் அதே வேகத்தில் வரும். "நாங்கள் யார் நிலத்தையும் பிடிக்கவில்லை. அந்தந்த நாட்டு அரசு கூப்பிட்டது, போனோம். பாதுகாப்பும் கொடுக்கிறோம், பணமும் கொடுக்கிறோம். வெள்ளைக்காரன் நம்மை ஆண்டானே, அதுதான் ஏகாதிபத்தியம்" என்பீர்கள். இதைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது.

1991 செப்டம்பரில், 23 பேர் கொண்ட பிலிப்பைன்ஸ் செனட்டில் 12 பேர் அமெரிக்கத் தளங்களுக்கான புதிய ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு இறுதிக்குள் சுபிக் விரிகுடாவிலிருந்து அமெரிக்கக் கடற்படை மூட்டை கட்டிவிட்டது. ஈக்வடார் 2009இல் மன்டா தளத்தை நீட்டிக்க மறுத்தது, அங்கிருந்தும் கிளம்பினார்கள். 2024இல் நைஜரிலும் அதுதான் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இப்படிச் சொல்லிப் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆகவே உலகமெங்கும் பரவியிருக்கும் ஏறத்தாழ 750 தளங்களையும் (ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு இது) ஒரே பெயரில் அடைப்பது சோம்பேறித்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் சொல்லும் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். கூப்பிட்டதால் வந்தோம் என்றால், போகச் சொன்னால் போக வேண்டும். கியூபா மண்ணில் உள்ள குவாண்டனாமோ தளத்துக்கான ஆண்டு வாடகை 4,085 டாலர். அந்தக் காசோலையை மாற்றாமலேயே கியூபா தன் எதிர்ப்பைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறது. காசோலை மட்டும் தவறாமல் வருகிறது. ஜப்பானின் ஒகினாவா தீவில் 2019 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில், ஹெனோகோவில் புதிய தளத்துக்காகக் கடலைத் தூர்ப்பதற்கு எதிராக வாக்களித்தவர்கள் சுமார் 72 சதவீதம். தூர்ப்பது நிற்கவில்லை. டோக்கியோ சம்மதித்துவிட்டதே என்பீர்கள். அந்த விவாதத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். ஏனென்றால் நான் பேச வந்தது, சம்மதமோ மறுப்போ சொல்ல ஓர் ஆள்கூட மிச்சம் வைக்கப்படாத இடத்தைப் பற்றி. அது கன்னியாகுமரிக்குத் தெற்கே, நம் பெருங்கடலின் நடுவே இருக்கிறது.

அமெரிக்கத் தளம் இருக்கும் அந்தத் தீவு டியாகோ கார்சியா. அந்தப் பெயர் உங்களில் பலர் காதில் விழுந்தது 2021 அக்டோபருக்குப் பிறகாகத்தான் இருக்கும். கனடாவை நோக்கிக் கிளம்பிய ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதானது. அதில் இருந்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். சிலர் இந்தியாவின் அகதி முகாம்களில் இருந்தவர்கள். பிரிட்டிஷ் கடற்படை அவர்களை மீட்டு இந்தத் தீவில் சேர்த்தது. கால்பந்து மைதானம் அளவுள்ள வேலியடைத்த இடத்தில், எலிகள் ஓடும் கூடாரங்களில், குழந்தை குட்டிகளோடு அவர்களில் பலர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோர் பிரிட்டன் போய்ச் சேர முடிந்தது. அவர்களை அப்படி வைத்திருந்தது சட்டவிரோதக் காவல் என்று அதே மாதம் தீர்ப்பு வந்தது. பெயரில் மட்டும்தான் அது சிறை இல்லை என்றார் நீதிபதி.

இந்தச் செய்தியைப் பகிர்ந்து நாம் எல்லோரும் பிரிட்டனைத் திட்டினோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த வழக்கில் நடந்த இன்னொரு சங்கதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2024 ஜூலையில் விசாரணை தீவிலேயே நடப்பதாக இருந்தது. நீதிபதி பிரிட்டிஷ்காரர். நீதிமன்றம் பிரிட்டனின் அந்தப் பிரதேசத்துக்கென்றே அமைந்தது. வரைபடத்தில் மண்ணும் பிரிட்டனுடையது. அமெரிக்காவோ பாதுகாப்புக் காரணம் சொல்லி, நீதிபதியையும் வழக்கறிஞர்களையும் தன் ராணுவ விமானத்தில் ஏற்ற மாட்டேன், தங்க இடமும் சாப்பாடும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டது. விசாரணை நின்றுபோனது. பிறகு செப்டம்பரில்தான், அதுவும் கட்டுப்பாடுகளோடு, நடந்தது. குடியிருப்பவர் வீட்டுக்காரரை வாசலில் நிறுத்துகிறார் என்றால், அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

பணமும் கொடுக்கிறோம் என்று சொன்னீர்களே, அந்தக் கதையையும் பார்ப்போம். 1965இல் மொரிஷியஸ் இன்னும் பிரிட்டனின் காலனி. விடுதலை பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே, டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டத்தை அதிலிருந்து வெட்டி எடுத்து, பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்று பெயர் வைத்தது லண்டன். மொரிஷியஸுக்குக் கிடைத்தது 30 லட்சம் பவுண்டு. 1966 டிசம்பரில் அமெரிக்காவோடு 50 ஆண்டு ஒப்பந்தம். அதில் வாடகை என்று ஒரு காசு கிடையாது. அதற்குப் பதில், போலாரிஸ் ஏவுகணை வாங்கும் கணக்கில் பிரிட்டன் கட்ட வேண்டிய 1.4 கோடி டாலரை அமெரிக்கா சத்தமில்லாமல் தள்ளுபடி செய்தது. உங்கள் காங்கிரசுக்குக்கூட இதைச் சொல்லவில்லை.

தீவில் ஆட்கள் இருந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகளும் உண்டு. தென்னந்தோட்டத்தில் கொப்பரை எடுத்துப் பிழைத்தார்கள். பல தலைமுறைகளாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள். இவர்களைத் தற்காலிகத் தொழிலாளர்கள் என்று கோப்புகளில் எழுதிவைத்தார்கள். நிரந்தரக் குடிகள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதுதான் கவலை.

1968க்கும் 1973க்கும் இடையே ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர் வரை அப்புறப்படுத்தப்பட்டார்கள். மருத்துவத்துக்காக மொரிஷியஸ் போனவர்களைத் திரும்பி வர விடவில்லை. சரக்குக் கப்பல்களை நிறுத்தினார்கள். 1971இல் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் நாய்களை இறைச்சி காட்டி அடைத்து, வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். அதே ஆண்டு, தீவு மக்களை என்ன செய்வது என்ற கோப்பில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி எல்மோ சும்வால்ட் மூன்றே சொற்கள் எழுதினார். கட்டாயம் போயே ஆகவேண்டும் என்பது அவற்றின் பொருள். பிரிட்டன் விரட்டியது, அமெரிக்கா காலி இடத்துக்குக் குடிவந்தது என்று பிரித்துச் சொல்பவர்கள் அந்தக் குறிப்பைப் பார்க்க வேண்டும்.

பிறகு அங்கிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1991, 2001, 2003 போர்களில் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து பறந்தன. ரகசியக் கைதிகளைச் சுமந்த சிஐஏ விமானங்கள் 2002இல் அங்கே இருமுறை இறங்கியதை, ஆறு ஆண்டுகள் கழித்து பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

வெளியேற்றப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒலிவியே பான்கூ தலைமையில் லண்டனில் 2000இல் வழக்கு ஜெயித்தார்கள். 2004இல் பிரிட்டிஷ் அரசு ஆணை போட்டு அதை முடக்கியது. அதை எதிர்த்துப் போன சாகோஸ் மக்கள் 2008இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் 3க்கு 2 என்று தோற்றார்கள். வாஷிங்டனிலும் வழக்குப் போட்டார்கள். இது அரசியல் விவகாரம், நீதிமன்றம் தலையிட முடியாது என்று 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்தது. சாகோஸைப் பிரித்ததால் மொரிஷியஸின் விடுதலை சட்டப்படி முழுமையடையவில்லை என்று 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் 13க்கு 1 என்று கருத்துரைத்தது. அந்த ஒரே மாற்றுக் குரல் அமெரிக்க நீதிபதியுடையது. மூன்று மாதம் கழித்து ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரிஷியஸ் பக்கம் நின்றன. எதிர்த்தவை ஆறு. அவற்றில் ஒன்று எது என்று சொல்லத் தேவையில்லை.

2025 மே மாதம் பிரிட்டனும் மொரிஷியஸும் ஒப்பந்தம் போட்டன. இறையாண்மை மொரிஷியஸுக்கு, டியாகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகைக்கு. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபோது நம்மவர்கள் எத்தனை கட்டுரை எழுதினோம்! இதற்கு அந்தச் சூடு கிளம்பவில்லை. இந்த ஒப்பந்தத்தின்படி சாகோஸ் மக்கள் மற்றத் தீவுகளில் குடியேறலாம். டியாகோ கார்சியாவில் கூடாது. பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு நாற்காலியே இல்லை.

அமெரிக்கா போனால் சீனா வந்து உட்காரும் என்பீர்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் தளத்தை மூடச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தத் தீவு சுமார் 30 சதுர கிலோமீட்டர். தளத்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வேலை பார்க்கிறார்கள். படைவீரர்களுக்குப் பந்து உருட்டி விளையாடும் கூடம்கூட இருக்கிறது. அங்கே பிறந்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் இடமில்லை என்பது பாதுகாப்புக் கணக்கில் எங்கே வருகிறது?

இதை ஏன் டெல்லிக்கு எழுதவில்லை என்று கேட்கலாம். இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக்க வேண்டும் என்று இலங்கை முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தை 1971இல் ஐ.நா. ஏற்றபோது டெல்லி உரக்கப் பேசியது. இப்போது அமெரிக்காவோடு 2016இல் செய்த ராணுவத் தளவாட ஒப்பந்தமும் இருக்கிறது. மொரிஷியஸின் அகலேகா தீவில் 2024இல் திறந்துவைத்த நம் செலவிலான ஓடுபாதையும் இருக்கிறது. அகலேகாவில் இருப்பவர்களை யாரும் கப்பலேற்றவில்லை, உண்மை. ஆனாலும் ஓடுபாதைக்காரர்கள் இதில் வாய் திறப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாக்கு உங்களிடம்தான் இருக்கிறது.

ஈழப் போரின் கடைசி மாதங்களில் உங்கள் காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதி, தொலைபேசியில் விடாமல் அழைத்த பழக்கம் உங்களுக்கு உண்டு. அதே அலுவலகங்களுக்கு இன்னொரு முறை எழுதுங்கள். 1975 நவம்பரில் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்று இந்த வெளியேற்றத்தை ஒருநாள் விசாரித்தது. அதை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். பிரிட்டன் தாமதமாகவும் குறைவாகவும் ஏதோ இழப்பீடு கொடுத்தது. அமெரிக்கா கொடுக்காதது ஏன் என்று கேளுங்கள். டியாகோ கார்சியாவில் தளத்துக்கு வெளியே உள்ள பகுதியில் அந்த மக்கள் வீடு கட்டிக்கொள்ள வாஷிங்டனுக்கு என்ன ஆட்சேபம் என்று எழுத்தில் கேளுங்கள். பாதுகாப்புக் காரணம் என்று ஒருவரிப் பதில் வந்தால், அங்கே சமையலும் துப்புரவும் செய்ய வெளிநாட்டுத் தொழிலாளர்களை எந்தப் பாதுகாப்பு விதியில் அனுமதித்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். வரும் பதிலைத் தமிழில் போடுங்கள். நாங்களும் படிக்கிறோம்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து ஒருவன்